அத்தியாயம் 7: வார்டிலிருந்து நூலுக்கு – எம்.எஸ். பொது அறுவை சிகிச்சைத் தேர்வுக்கான மீள்பார்வை

7.1 மீள்பார்வையின் நோக்கம்

பொது அறுவை சிகிச்சையில் பட்ட மேற்படிப்பு பயிலும் மருத்துவர் மூன்றாண்டுகளில் வாசிக்க வேண்டிய நூல்கள் பல ஆயிரம் பக்கங்களுக்கு விரிவதாலும், அதே மூன்றாண்டுகளில் அவருடைய பகலும் இரவும் வார்டு, புறநோயாளர் பிரிவு, அறுவை அரங்கு, அவசர சிகிச்சைப் பிரிவு ஆகிய நான்கிற்கும் பங்கிடப்படுவதாலும், தேர்வு நெருங்கும் வேளையில் முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்குவது பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடுகிறது. வயிறு, மார்பகம், தைராய்டு, இரத்தக் குழாய், தலை கழுத்து என்று விரியும் இத்துறையில் எல்லாப் பகுதிகளையும் ஒரே அளவில் நினைவில் நிறுத்துவது எவருக்கும் இயலாது; தேர்வும் அதைக் கேட்பதில்லை. நோயாளி ஒருவரை முன்னே கிடத்தி, இவருக்கு என்ன நேர்ந்திருக்கிறது, அடுத்த ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியது என்ன, அது ஏன் என்பதையே தேர்வாளர் கேட்கிறார். ஆகவே நோயாளியிடமிருந்து தொடங்கி நூலுக்குச் சென்று, நூல் தந்ததை மறுபடியும் நோயாளியின் படுக்கையருகே சோதித்துப் பார்க்கும் வகையில் மீள்பார்வையை அமைத்துக்கொள்ளும் முறையை இந்த அத்தியாயம் விளக்குகிறது.

திருச்சிராப்பள்ளியில் 1997-இல் தொடங்கப்பட்டு, அவ்வூரில் பிறந்த தமிழறிஞர் கி. ஆ. பெ. விசுவநாதத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் அரசு மருத்துவக் கல்லூரியும், அதனோடு இணைந்த புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையும் இம்முறைக்கு இயல்பாகவே இடம் தருகின்றன. மணப்பாறை, துறையூர், முசிறி, இலால்குடி, ஸ்ரீரங்கம் போன்ற ஊர்களிலிருந்து மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுவோர் வந்து சேரும் இம்மருத்துவமனையின் அறுவைப் பிரிவில் ஓர் அட்மிஷன் நாளில் சேர்க்கப்படுவோரின் பட்டியலை எடுத்துப் பார்த்தாலே, பாடத்திட்டத்தின் முதன்மையான தலைப்புகளில் பல அதில் இருப்பதைக் காணலாம்.

7.2 தேர்வின் அமைப்பு

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் பயில்வோர் மூன்றாண்டின் முடிவில் நான்கு எழுத்துத் தாள்களையும், அவற்றைத் தொடர்ந்து செய்முறைத் தேர்வையும், வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வையும் எதிர்கொள்கின்றனர். பொதுவாக முதல் தாள் அறுவை சிகிச்சைக்குத் தேவையான உடற்கூறியல், உடலியங்கியல், நோய்க்கூறியல் முதலிய அடிப்படை அறிவியலையும், இடைப்பட்ட இரு தாள்கள் அறுவை சிகிச்சையின் கொள்கைகளையும் நடைமுறையையும், நான்காம் தாள் துறையின் அண்மைக்கால வளர்ச்சிகளையும் சோதிக்கின்றன. ஒரே நோயாளியை முழுமையாக விசாரித்துப் பரிசோதித்து விவாதிப்பது லாங் கேஸ்; குறுகிய நேரத்தில் ஒரு கட்டியையோ புண்ணையோ வீக்கத்தையோ பார்த்து முடிவு சொல்வது ஷார்ட் கேஸ். வாய்மொழித் தேர்வில் கருவிகள், நோயுற்ற உறுப்பு மாதிரிகள், எக்ஸ்ரே மற்றும் ஸ்கேன் படங்கள், அறுவை முறைகள் ஆகியவற்றின்மீது கேள்விகள் எழும். ஆய்வேட்டைத் தேர்வுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே ஒப்படைத்துவிட வேண்டியிருப்பதால், கடைசி ஆறு மாதங்களை முழுவதும் மீள்பார்வைக்கே ஒதுக்குவது இயலும். அந்த வாய்ப்பைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமானால் ஆய்வேட்டுப் பணியை இரண்டாம் ஆண்டுக்குள் பெரும்பகுதி முடித்துவிட வேண்டும். டி.என்.பி. பயில்வோருக்கும் கீழே சொல்லப்படுவனவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

அமெரிக்காவில் அறுவை சிகிச்சைப் பயிற்சி பெறுவோர் ஆண்டுதோறும் பயிற்சிக்கால மதிப்பீட்டுத் தேர்வொன்றை எழுதுகின்றனர். தேர்ச்சியோ தோல்வியோ அறிவிப்பதைவிட, எந்தப் பகுதியில் அறிவு மெலிந்திருக்கிறது என்பதைப் பயில்பவருக்கே காட்டுவது அதன் முதன்மைப் பயன். இங்கும் ஒவ்வொரு யூனிட்டிலும் மாதம் ஒருமுறை, நூலின்றி, ஒரு மணி நேரத்தில் எழுதும் சிறு தேர்வொன்றை மூத்த மாணவர்களும் உதவிப் பேராசிரியர்களும் சேர்ந்து நடத்திக்கொண்டால், மூன்றாம் ஆண்டின் இறுதியில் மட்டும் தெரியவரும் குறைகள் முதலாம் ஆண்டிலேயே வெளிப்பட்டுவிடும்.

7.3 வார்டு தரும் பாடத்திட்டம்

மீள்பார்வையின் முதல் வேலை, தம் யூனிட்டின் லாக் புக்கையும் அட்மிஷன் பதிவேட்டையும் எதிரே வைத்துக்கொண்டு, கடந்த ஓராண்டில் வந்த நோயாளிகளை நோய்வாரியாகப் பிரிப்பதாகும். குடலிறக்கம், விரைவாதம், குடல்வால் அழற்சி, பித்தப்பைக் கல், வயிற்றுப் புண் துளைபட்டதால் எழும் வயிற்றறை உறை அழற்சி, நீரிழிவுப் பாதப் புண், சுருள் சிரை நோய், தைராய்டுக் கட்டி, மார்பகப் புற்று, வாய்ப் புற்று, தீக்காயம், சாலை விபத்துக் காயம் ஆகியவை அந்தப் பட்டியலின் மேற்பகுதியில் நிற்கும். இவையே லாங் கேஸாகவும் ஷார்ட் கேஸாகவும் வரக்கூடியவை என்பதால் மீள்பார்வை நேரத்தின் பெரும்பங்கு இவற்றுக்கே உரியது. வார்டில் அரிதாக வருகிற, ஆனால் எழுத்துத் தாளில் அடிக்கடி வருகிற கணைய நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகள், உறுப்பு மாற்று நோயெதிர்ப்பியல் போன்றவற்றுக்குத் தனிப் பட்டியல் வகுத்து நூலிலிருந்தே படிக்க வேண்டும்.

வட்டாரத்துக்கே உரிய காயங்களும் இப்பட்டியலில் இடம்பெற வேண்டும். பொங்கலையொட்டிச் சூரியூர் முதலிய ஊர்களில் நடைபெறும் ஜல்லிக்கட்டில் மாடு முட்டிக் காயமடைந்தவரின் வயிற்றிலோ தொடையிலோ தோலின்மேல் தெரியும் துளை சிறிதாக இருந்தாலும், குத்திய பின் மாடு தலையைத் திருப்பி உயர்த்துவதால் கொம்பு உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட திசைகளில் பாதை வகுத்திருக்கும். மண்ணும் துணித்துணுக்கும் அப்பாதையின் அடி வரை சென்றிருக்கும். எனவே வெளிப்புறத் துளையைத் தைத்து அனுப்பிவிடுவது பிழை என்பதும், பாதை முழுவதையும் திறந்து பார்த்துக் கழுவி, இறந்த திசுக்களை அகற்றி, டெட்டனஸ் தடுப்பும் நுண்ணுயிர்க்கொல்லியும் தந்து, பெரிதும் மாசுபட்ட காயத்தை மூடாமல் சில நாள் கழித்து மூடுவதே முறை என்பதும் இதிலிருந்து கற்க வேண்டியவை. ஊடுருவும் காயம், காயம் ஆறும் விதம், தாமதித்து மூடுதல், வயிற்றறையைத் திறப்பதற்கான காரணங்கள் ஆகிய நான்கு தேர்வுத் தலைப்புகள் இந்த ஒரே நோயாளியில் அடங்கிவிடுகின்றன.

திருச்சி நெடுஞ்சாலைகள் பல வந்து கூடும் நகரம் என்பதால் விபத்துக் காயங்களையும் இவ்வாறே படிக்கலாம். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் விபத்துக்குள்ளானவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. அந்த 48 மணி நேரத்துக்குள் மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம், நரம்புநிலை, உடல் முழுவதையும் திறந்து பார்த்தல் என்ற வரிசையில் என்னென்ன செய்யப்பட்டன என்பதை ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டிலிருந்து எழுதிப் பார்ப்பது, விபத்துச் சிகிச்சை குறித்த கட்டுரை வினாவுக்கு விடை எழுதிப் பழகுவதாகவே அமையும்.

7.4 நினைவிலிருந்து எடுத்தல்

படித்ததையே மறுபடி படிக்கும்போது சொற்கள் பழகியவையாகத் தோன்றுவதால், அறிந்துவிட்டோம் என்ற மயக்கம் எழுகிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முன்னின்றனர். ஆனால் ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில், நூலை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே தெளிவாக முந்தினர். தேர்வு ஐந்து நிமிடத்தில் நடப்பதில்லை என்பதால் இம்முடிவு நேரடியாகப் பயன்படுகிறது. பெய்லி அண்ட் லவ், சபிஸ்டன் போன்ற நூல்களின் ஓர் அத்தியாயத்தை வாசித்த பின், நூலை மூடி வெற்றுத்தாளில் அதன் தலைப்புகளையும் வகைப்பாடுகளையும் எழுதி, பிறகு நூலைத் திறந்து விடுபட்டதைச் சிவப்பு மையில் சேர்க்க வேண்டும். அடுத்த முறை படிக்க வேண்டியது சிவப்பு மையில் உள்ளவற்றையே. மூன்று நாள், பத்து நாள், ஒரு மாதம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும்போது, ஒவ்வொரு முறையும் சிவப்பு வரிகள் குறைந்துவருவதை மாணவர் தம் கண்ணாலேயே காணலாம்.

7.5 கணக்கோடு படித்தல்: ஒரு தீக்காயம்

எண்கள் அடங்கிய தலைப்புகளை வாய்ப்பாடாக மனனம் செய்வதைவிட ஒரு நோயாளிக்குக் கணக்கிட்டுப் பார்ப்பது உறுதியான பயனைத் தரும். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் மணப்பாறைப் பக்கத்திலிருந்து தீக்காயத்துடன் கொண்டுவரப்படுவதாகவும், காயம்பட்டு இரண்டு மணி நேரம் கடந்துவிட்டதாகவும் வைத்துக்கொள்ளலாம். உடற்பரப்பை ஒன்பதின் மடங்குகளாகப் பிரிக்கும் ஒன்பதின் விதிப்படி, உடலின் முன்புறம் மார்பும் வயிறும் சேர்ந்து 18 விழுக்காடு. ஒரு கை முழுவதும் 9 விழுக்காடு. நோயாளியின் சொந்த உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து ஏறத்தாழ 1 விழுக்காடு என்பதால், தொடையில் உள்ளங்கை அளவுள்ள மூன்று திட்டுகள் 3 விழுக்காடு. ஆக மொத்தம் 30. கொப்புளமின்றிச் சிவந்து மட்டும் இருக்கும் தோலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது தேர்வாளர் அடிக்கடி கேட்கும் நுணுக்கம்.

பார்க்லேண்ட் வாய்ப்பாட்டின்படி 4 மில்லி லிட்டரை எடையாலும் விழுக்காட்டாலும் பெருக்க, முதல் 24 மணி நேரத்துக்கு 7,200 மில்லி லிட்டர் ரிங்கர் லாக்டேட் கிடைக்கிறது. இதில் பாதியாகிய 3,600 மில்லி லிட்டரை முதல் எட்டு மணி நேரத்தில் தர வேண்டும். அந்த எட்டு மணி நேரம் காயம்பட்ட கணத்திலிருந்து எண்ணப்படுவதால், இந்த நோயாளிக்கு எஞ்சியிருப்பது ஆறு மணி நேரமே. எனவே வழியில் திரவம் ஏதும் தரப்படவில்லையெனில் மணிக்கு 600 மில்லி லிட்டரும், அடுத்த பதினாறு மணி நேரத்துக்கு மணிக்கு 225 மில்லி லிட்டரும் என்று தொடக்க வேகம் அமைகிறது. இந்த எண் தொடக்கப்புள்ளி மட்டுமே. சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி லிட்டர், அதாவது இவருக்கு மணிக்கு 30 மில்லி லிட்டர் வெளியேறுகிறதா என்பதைப் பார்த்தே வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். மிகுதியான திரவமும் தீங்கு செய்வதால், பெரியவர்களின் வெப்பத் தீக்காயத்துக்கு 4-க்குப் பதிலாக 2 மில்லி லிட்டரிலிருந்து தொடங்குமாறு ஏ.டி.எல்.எஸ். எனப்படும் விபத்துச் சிகிச்சைப் பயிற்சியின் பத்தாம் பதிப்பு பரிந்துரைக்கிறது. இரண்டு எண்களையும், மாற்றத்துக்கான காரணத்தையும் சொல்பவரின் விடையே முழுமையானது.

7.6 லாங் கேஸ்: நீரிழிவுப் பாதப் புண்

நோயாளியிடம் தமிழில் விசாரித்து, தேர்வாளரிடம் ஆங்கிலத்தில் முன்வைக்க வேண்டியிருப்பதால், லாங் கேஸில் முதல் தடுமாற்றம் விசாரணையிலேயே நேர்கிறது. ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த, நீண்டகாலமாக நீரிழிவு உள்ள முதியவர் ஒருவர் பாதப் புண்ணுடன் படுத்திருப்பதாகக் கொண்டால், பாதத்தின் உணர்வு குன்றியிருக்கிறதா என்பதை அறிய, “கால் மதமதன்னு இருக்குதுங்களா ஐயா?”, “நடக்கும்போது செருப்பு கழன்று போனால் உங்களுக்குத் தெரியுதுங்களா?” என்று கேட்க வேண்டும். கோயில் பிரகாரங்களில் காலணியின்றி நடப்பவருக்குச் சித்திரை வெயிலில் சுட்ட கல்தளம் பாதத்தில் கொப்புளம் எழுப்பியும் வலி தெரியாமல் போயிருக்கலாம் என்பதால், புண் தொடங்கிய விதத்தைக் கேட்கும்போது இதையும் விட்டுவிடக் கூடாது.

இரத்த ஓட்டக் குறைவை அறிய, எவ்வளவு தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது என்று கேட்பது மரபு. மீட்டர் கணக்கில் விடை சொல்ல எவராலும் இயலாது. ஆனால் ராஜகோபுரத்திலிருந்து ரங்கா ரங்கா கோபுரம் வரை நிற்காமல் நடக்க முடிகிறதா, ஆறு மாதத்துக்கு முன்பு முடிந்ததா, நின்றால் எத்தனை நிமிடத்தில் வலி தணிகிறது என்று கேட்டால், அவ்வூர்க்காரரிடமிருந்து துல்லியமான விடையும் நோய் முற்றிவரும் வேகமும் ஒருங்கே கிடைத்துவிடும். உணர்வு முற்றிலும் குன்றியவருக்கு நடைவலியே தோன்றாமல் இருக்கலாம் என்பதையும் விவாதத்தில் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பரிசோதனையில் புண்ணின் இடம், விளிம்பு, அடித்தளம், சுற்றியுள்ள தோல் ஆகியவற்றைக் கூறியபின், பத்து கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் உணர்வைச் சோதித்ததையும், மழுங்கிய துழாவுகோல் புண்ணின் அடியில் எலும்பைத் தொடுகிறதா என்று பார்த்ததையும், பாதநாடிகளைத் தொட்டறிந்ததையும் சொல்ல வேண்டும். கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை இரத்த அழுத்தத்தால் வகுத்துப் பெறும் குறியீடு 0.9-க்குக் கீழே இருந்தால் தமனி அடைப்பைக் காட்டுகிறது. நீரிழிவில் தமனிச் சுவர் சுண்ணமேறிக் கடினப்படுவதால் இக்குறியீடு பொய்யாக உயர்ந்து தோன்றலாம். அப்போது கால்விரல் அழுத்தத்தை அளப்பதே நம்பத்தக்கது. தோல் உடையாத பாதத்தைச் சுழியமாகவும் பாதம் முழுவதும் அழுகிய நிலையை ஐந்தாகவும் வைக்கும் வாக்னர் வகைப்பாடு தேர்வில் இன்றும் கேட்கப்படுகிறது. ஆயினும் அது இரத்த ஓட்டத்தையும் தொற்றையும் தனித்தனியே அளவிடாததால், புண், இரத்தக்குறைவு, தொற்று ஆகிய மூன்றையும் தனித்தனியே மதிப்பிட்டுக் காலிழப்பின் அபாயத்தைக் கணிக்கும் 2014-ஆம் ஆண்டின் வைஃபை வகைப்பாட்டையும் அறிந்திருத்தல் வேண்டும்.

7.7 வாய்மொழித் தேர்வு: விடையின் வரிசை

வாய்மொழித் தேர்வில் அறிந்ததைச் சொல்லும் வரிசையே பாதி மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறது எனலாம். நிமிர்ந்த நிலையில் எடுத்த மார்பு எக்ஸ்ரேயில் வலப்பக்க உதரவிதானத்தின்கீழ் பிறைபோல் காற்று தெரியும் படம் ஒன்று கையில் தரப்பட்டால், முதலில் படத்தின் வகையையும், அடுத்து கண்டதையும், பின்னர் அதன் பொருளாகிய உட்குழிவுறுப்புத் துளையையும் சொல்லி, உடனே நோயாளியை நிலைப்படுத்தும் முறைக்குச் செல்ல வேண்டும். காற்று தெரியாததால் துளை இல்லை என்று முடிவு செய்யலாகாது என்பதையும் கூறி, ஐயமிருப்பின் சி.டி. ஸ்கேன் எடுக்கப்படும் என்று சேர்க்கலாம். சிரைவழித் திரவம், மூக்குவழிக் குழாய், சிறுநீர்க் குழாய், நுண்ணுயிர்க்கொல்லி, அமிலச்சுரப்பைத் தடுக்கும் மருந்து ஆகியவற்றைச் சொன்ன பின்னரே அறுவைக்கு வர வேண்டும்; நேராக வயிற்றைத் திறக்கத் தொடங்கும் விடை, நோயாளியை மறந்த விடையாகவே கருதப்படும்.

அறுவையின் விவரத்தில் ஒரு நுணுக்கம் பலருக்குக் குழப்பம் தருகிறது. முன்சிறுகுடல் துளையின்மேல் இரத்த ஓட்டம் குன்றாத கொழுப்புமடிப்பை வைத்துக் கட்டும் முறையை 1929-இல் விவரித்தவர் செலன்-ஜோன்ஸ். 1937-இல் ராஸ்கோ கிரஹாம் விவரித்ததோ தனியே துண்டித்தெடுத்த கொழுப்புமடிப்பைப் பயன்படுத்தும் முறை. இன்று பெரும்பாலோர் கிரஹாம் பெயரால் செய்வது முன்னதற்கே நெருக்கமானது. சேர்க்கும்போது அதிர்ச்சிநிலை, உடன் இருக்கும் பெருநோய், துளைபட்டு 24 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருத்தல் ஆகிய மூன்றையும் எண்ணும் ‘போய்’ மதிப்பெண், இறப்பின் அபாயத்தைக் கணிக்கிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைச் சோதித்து ஒழித்தல், வலிநிவாரணி மாத்திரைகளை நிறுத்துதல் என்று வீடு திரும்பிய பின்னான சிகிச்சை வரை கொண்டு சென்று முடிப்பதே முழு விடை. இவ்வரிசையை உடன்பயிலும் ஒருவர் கேட்க, நேரம் குறித்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பது போதாது.

7.8 அண்மைக்கால வளர்ச்சிகள்

நான்காம் தாளுக்கு ஆய்விதழ்களை எல்லாம் புரட்ட வேண்டியதில்லை. வார்டின் நடைமுறையை மாற்றிய ஆய்வுகளை, கேள்வி, முறை, முடிவு, இங்கே அதன் பயன் என்ற நான்கு வரிகளில் எழுதிவைத்தால் போதும். வெற்றிலை பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கத்தால் வாய்ப் புற்று மிகுந்த நம் நாட்டுக்கு, மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் அனில் டி’குரூஸ் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. கழுத்து நிணக்கணுக்களில் பரவல் தெரியாத தொடக்கநிலை வாய்ப் புற்றில், கணுக்களை முதல் அறுவையிலேயே அகற்றியோரில் மூன்றாண்டு கழித்து உயிருடன் இருந்தோர் 80 விழுக்காடு. கட்டி தெரிந்த பின் அகற்றியோரில் 67.5 விழுக்காடு. அவ்வாறே 20,000-க்கும் மேற்பட்ட விபத்து நோயாளிகளைக் கொண்ட, 2010-இல் வெளியான கிராஷ்-2 ஆய்வு, டிரானெக்சாமிக் அமிலம் இறப்பைக் குறைப்பதைக் காட்டியது. காயம்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் தந்தாலே பயன் உண்டு என்பது அதன் தொடர் பகுப்பாய்வில் தெளிவானது.

7.9 இறுதி ஆறு மாதங்கள்

1. முதல் மூன்று மாதங்களில் வார்டுப் பட்டியலின் ஒவ்வொரு நோயையும் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று வீதம், நூலை மூடி எழுதும் முறையில் முடிக்க வேண்டும். அந்நோய் உள்ள நோயாளி வார்டில் இருக்கும் வாரத்திலேயே அத்தலைப்பை எடுப்பது சிறந்தது.

2. நான்காம் மாதத்தில் உடற்கூறியலையும் உடலியங்கியலையும் அறுவை முறைகளோடு இணைத்துப் படிக்க வேண்டும். மறுநாள் அறுவைப் பட்டியலில் பித்தப்பை இருந்தால் கேலட் முக்கோணத்தையும், குடலிறக்கம் இருந்தால் கவட்டைக் கால்வாயையும் முன்னிரவில் படமாக வரைந்து பார்த்துவிட்டு அரங்குக்குச் செல்ல வேண்டும்.

3. ஐந்தாம் மாதத்தில் பழைய வினாத்தாள்களுக்கு நேரம் குறித்துக்கொண்டு முழு விடை எழுத வேண்டும். படத்தோடும் பாய்வு வரைபடத்தோடும் எழுதப்பட்ட விடையை மூத்தவர் ஒருவர் திருத்தித் தருவது இன்றியமையாதது.

4. கடைசி மாதத்தில் நாளுக்கு ஒரு லாங் கேஸும் இரண்டு ஷார்ட் கேஸும் பேராசிரியர் அல்லது உடன்பயில்வோர் முன்னிலையில் சொல்லிப் பழக வேண்டும். புதிய நூல் எதையும் தொடங்கக் கூடாது.

5. இரவுப் பணி முடிந்த காலையில் கடினமான தலைப்புகளை எடுக்காமல், அந்த இரவில் விடை தெரியாமல் மூத்தவரைக் கேட்க நேர்ந்த கேள்விகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, உறங்கி எழுந்த பின் அவற்றைப் படிக்க வேண்டும்.

ஐந்தாவதாகச் சொன்ன இந்தக் குறிப்பேடு அளவில் சிறியதாயினும் மதிப்பில் பெரியது. நூலாசிரியர் முதன்மையானது என்று கருதியவை அதில் இரா. நோயாளி ஒருவரின் முன்னே நின்றபோது தமக்கு எது தெரியவில்லையோ அதுவே இருக்கும். எம்.எஸ். பட்டம், தனியே நின்று பிறரின் உடலைத் திறக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்கிறது. ஆதலால் அக்குறிப்பேட்டில் விடை காணப்படாத கேள்வி ஒன்றுகூட எஞ்சாதவாறு தேர்வு அரங்குக்குச் செல்பவர், மதிப்பெண்ணுக்கும் நோயாளிக்கும் ஒருசேரத் தயாராகியிருக்கிறார்.